முதல் பீச்சு

செவலை மாட்டின் காம்பில் கை வைத்த சின்னவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். காம்பு ஈரமாக இருந்தது. பனி ஈரம் இல்லை, யாரோ வாய் வைத்துவிட்டுப் போன ஈரம். விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. சாணமும் மாட்டின் மூச்சுச் சூடும் கலந்த தொழுவத்து வாசனைக்குள், என்றைக்கும் இல்லாத புளித்த பால் நெடி ஒன்று மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

செம்பு பாதிகூட நிரம்பவில்லை. நான்கு நாளாக இதே கதை.

போனால் போகட்டும் என்று விடுகிற பால் இல்லை அது. கோழிகளை நரி தூக்கிப்போய், ஆடுகள் கழிச்சலில் மடிந்து, அந்த வீட்டில் மிஞ்சியது செவலை ஒன்றுதான். சின்னவளுக்குப் பிரசவத்தோடு வந்த காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. எட்டு மாதப் பெண்குழந்தைக்கு வேறு எந்தப் பாலும் வயிற்றில் தங்கவில்லை. நான்கு நாளில் அதன் அழுகை பூனைக்குட்டியின் முனகலாக மெலிந்திருந்தது.

செவலையின் கன்று பிறந்த ஒன்பதாம் நாளே செத்துப்போயிருந்தது. கன்றைக் காணாமல் அது பாலை எக்கிக்கொண்டது, ஒரு சொட்டு இறக்கவில்லை. மாட்டு வைத்தியர் சொன்னபடி கன்றின் தோலை உரித்து, உப்பிட்டு உலர்த்தி, உள்ளே வைக்கோல் திணித்து, காலுக்கு நான்கு குச்சி செருகி, கோணி ஊசியால் தைத்து நிறுத்தினான் அவள் புருஷன். செவலை மோந்தது, நக்கியது, மடி இறங்கியது. அதோடு நின்றிருக்கலாம். சின்னவள் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். தினமும் முதல் பீச்சைக் கையில் ஏந்தி வைக்கோல் கன்றின் உதட்டில் தடவுவாள். பால் வாசனை அடித்தால் மாடு இன்னும் நம்புமல்லவா? "குடிடா தங்கம்" என்று விளையாட்டாகச் சொல்லவும் செய்வாள்.

புருஷனும் அவன் அண்ணனும் தீவனம் வாங்க வெளியூர் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தது அவளும் ஓரகத்தி பெரியவளும்தான். அப்படியானால் கறப்பது யார்? பெரியவளின் முகம் இந்த நாலு நாளில் ஒரு சுற்றுப் பூரித்த மாதிரி இருந்தது. அல்லது சின்னவளுக்கு அப்படித் தெரிந்தது.

அன்று சாயங்காலம் தொழுவத்து வாசலிலும் மாட்டைச் சுற்றியும் அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்தாள்.

மறுநாள் வாசல் சாம்பல் கலையவில்லை. மாட்டின் அருகில் மட்டும் கட்டைவிரல் அகலத்தில் வட்ட வட்டமாகக் குழிகள். மாடு உதைத்ததிலிருந்து பெரியவள் கோல் ஊன்றித்தான் நடக்கிறாள். வாசல் சாம்பலை மிதிக்காமல் தாண்டியிருப்பாள் என்று நினைத்ததும் சின்னவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"அக்கா, உங்க கோலைக் கொஞ்சம் காட்டுங்க."

"ஏண்டி, காலங்காத்தால அடி வாங்கணும்னு ஆசையா?"

"காட்டுங்கன்னா காட்டுங்களேன்!"

பெரியவள் கோலைத் தூக்கிக் காட்டினாள். அடியில் சதுரமாக இரும்புப் பூண்.

"பாலை நான் குடிச்சேன்னு நெனச்சியா?" பெரியவளின் குரல் உடைந்தது. "அந்தப் பிள்ளைய முதல்ல கையில வாங்கினதே நான்தானேடி."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவளே தொடர்ந்தாள்: "அது கெடக்கட்டும். அந்தக் கன்னுக்குள்ள என்னத்தடி வெச்சுத் தச்சீங்க? நேத்து பெருக்க நகர்த்தப் போனேன், அசையவே மாட்டேங்குது."

தலையணை கனம்கூட இல்லாத கன்று அது. தினமும் ஒற்றைக் கையால் தூக்கி வைப்பாள். இந்த ஐந்து நாளாக, யோசித்துப் பார்த்தால், தூக்கவே இல்லை. அவள் வரும்போதே அது மாட்டின் அருகில் நின்றிருந்தது.

அடுத்த விடியலில், வழக்கத்துக்கு முன்பே, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துத் தட்டிக்குப் பின்னால் நின்றாள். முதலில் ஒன்றும் இல்லை. செவலை அசைபோடும் சத்தம், கயிறு உரசும் சத்தம், எங்கோ ஒரு தவளை. பிறகு காய்ந்த வைக்கோல் நெரிபடும் சத்தம், நின்று, மறுபடி தொடங்கி, அடி எடுத்து வைக்கிற தாளத்தில். பிறகு சப்புகிற சத்தம்.

தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

உதட்டுத் தையல் பிரிந்திருந்தது. வாய்க்குள் வைக்கோல். பால் ஊறிக் கறுத்த வைக்கோல். அது மடியை முட்டியது. பசித்த கன்று முட்டுவது போலவே. செவலை அதைத் தள்ளவில்லை. கண்கள் மேலே செருகியிருந்தன. விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. நேற்று பார்த்த மாடா இது?

முன்கால்கள் மடிந்தன. செவலை சரிந்தது. எழவில்லை.

சப்புகிற சத்தம் நின்றது. அது தலையைத் திருப்பியது.

ஓடினாள். வீட்டுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள். "அக்கா!" என்று கத்தினாள். உள்ளறையிலிருந்து குறட்டை மட்டும்.

முற்றத்தில் சரசரப்பு. டக். டக். படியில் குச்சி ஏறும் ஓசை. கதவுக்கு வெளியே நின்றது.

பிறகு அது கூப்பிட்டது.

கன்றின் குரல் இல்லை. குழந்தையின் குரலும் இல்லை. பசியின் குரல். அவ்வளவுதான்.

அவள் மார்பு கனத்தது. சுருக்கென்று வலித்தது. எட்டு மாதமாக, எத்தனை மருந்துக்கும் எத்தனை அழுகைக்கும் இறங்காத பால், சட்டையை இரண்டு பக்கமும் நனைத்துக்கொண்டு இறங்கியது. குழந்தை அந்த ஈரத்தில் முகத்தை வைத்துத் தேடியது. அதன் தலையைத் திருப்பிப் பால் கொடுக்க வேண்டும். ஒரு கை போதும் அதற்கு.

அந்தக் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. மெல்ல, மிக மெல்ல, அதை விலக்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டேன்டா தங்கம்" என்றாள், கதவைப் பார்த்து.