வாசலில் ஒரு சோடிச் செருப்பு

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் றமீஸா நடத்திய இன்டர்நெட் கடைக்குள் கமலாசனி நனைந்தபடி ஓடி வந்தாள். நெஞ்சோடு அணைத்திருந்த கைப்பைக்குள் அவளுடைய தாலிக்கொடி இருந்தது.

"ராஜலிங்கம் ஐயா, இதைக் குடுத்தால் அவரை விடுவினமாம். குடுக்கட்டோ?"

காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைத் துருவி ஓய்வுபெற்ற ராஜலிங்கம் தேநீரைக் கீழே வைத்தார். "உக்காருங்கம்மா. மொதல்ல இருந்து சொல்லுங்க."

வீட்டடியில் இரண்டு நாளாக, ஆட்களைக் கடத்தப் பேர்போன வெள்ளை வான் ஒன்று நின்றது. வேலைக்குப் போன அவள் கணவன் விமலநாதன் அதன்பின் திரும்பவில்லை. அது போன மாதம். இருவரும் பொம்மை உருவங்களாய் நடமாடும் இணைய விளையாட்டு உலகம் ஒன்றில் அவர்களுக்கு வீடு இருந்தது. உண்மைக் காசு கொடுத்து வாங்கியது. நேற்று அந்த வீட்டில் புதுச் சாமான்கள்! எல்லாம் அவன் கணக்கில் வாங்கியவை.

"இவற்ற கூட்டாளி நடராஜாவிட்டைச் சொன்னன். தான்தான் வாங்கி வைச்சதாம். தெற்கிலை ஒரு ஆமி முகாமிலை இவரைக் கண்டவராம். நான் நம்பவேணுமெண்டு இவர் பாஸ்வேர்ட் குடுத்தவராம். கொடியை வாங்க இப்ப இஞ்சை வாறாராம்."

"காத்துக்குக் காசு குடுக்கிறேன்னு எங்க வாப்பா ஏசுவார். இப்ப காத்தே பேசுது!" றமீஸா பரபரப்போடு வீட்டைத் திரையில் திறந்தாள். முன்னறையில் கட்டில், அலுமாரி, சுவரில் மணிக்கூடு. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

"மணிக்கூடு அரை மணித்தியாலம் பிந்தி ஓடுது. மலிவாக்கும்," என்றாள் கமலாசனி.

"மலிவா? நானும் அதையேதான் வாங்கினேன். வாங்கினவங்கட கம்பியூட்டர் நேரத்தைத்தான் அது காட்டும்."

ராஜலிங்கம் வாசலைக் காட்டினார். "இந்தச் செருப்பு?"

"இப்பதான் காணுறன்."

நடராஜா குடையை மடக்கியபடி நுழைந்தான். கண் கைப்பையில் நின்றது.

"தம்பி, சாமானெல்லாம் எங்க இருந்து வாங்குனீங்க?"

"கண்டி ரவுணிலை ஒரு கடையிலை."

"மணிக்கூடு கண்டி நேரம் காட்டலியே?"

"அந்தக் கடைக் கம்பியூட்டர் பிழையாக்கும்."

"இருக்கலாம். கடைசியா வாங்குனது?"

"மணிக்கூடுதான். நேற்றோடை முடிஞ்சுது."

"அப்ப செருப்பு?"

"என்ன செருப்பு?"

றமீஸா திரையை அவன் பக்கம் திருப்பினாள். நடராஜா குடையை அங்கேயே விட்டுவிட்டு மழைக்குள் இறங்கி ஓடினான்.

"அம்மா சொன்ன சாமானை வெச்சே கதை கட்டிட்டாரு," என்றார் ராஜலிங்கம். "செருப்பை அம்மா சொல்லல. அவருக்கும் தெரியல."

"அப்ப வாங்கினது யார்?"

"நம்ம அரசாங்கம் தொண்ணூத்தாறுல இருந்தே நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வெச்சிருக்கு. இந்தியா பழைய நேரத்துலயே நிக்குது."

"புலிகள்ட கையில இருக்கிற வன்னியிலும் பழைய நேரந்தானே?" றமீஸா குறுக்கிட்டாள்.

"வன்னியில இந்த ஆட்டத்துக்கு லைன் ஏது பிள்ள?"

"இந்தியாவுல ஒரு கள்ளனா இருந்தா?"

"கள்ளன் இருக்கறத வித்துட்டுப் போவான். கட்டில் வாங்கிப் போட மாட்டான். வாசல்ல செருப்பும் விட மாட்டான். வானைக் கண்டுட்டு அவரே இந்தியாவுக்குத் தப்பிட்டாரும்மா."

கமலாசனிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. "இந்த வீட்டுக்குள்ளையும் சப்பாத்தோடை திரியிறீங்களெண்டு நான் இவரை ஏசுறனான். படத்துக்கு என்ன ஊத்தை எண்டு கேப்பார்."

"வாசல்ல செருப்பு இருந்தா ஆள் எங்கம்மா?"

அவள் திரையில் சாத்தியிருந்த பின்னறைக் கதவைத் தொட்டாள். "உள்ளுக்கை."

அவசரமாகத் தன் வங்கிக் காட் இலக்கத்தைத் தட்டினாள். ஒரு சோடிச் சின்னச் செருப்பு வாங்கினாள். அவனுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திரையில் வெறுங்காலோடு உள்ளே நடந்தாள்.

பின்னறைக் கதவு உள்ளிருந்து திறந்தது.