நாலாம் நம்பர் சிஸ்டம்

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு மல்லாட்டை மண்டியின் மேல்மாடியில் இருந்தது கோபியின் கேம் சென்டர். 2011ஆம் வருடம், ஆயுத பூஜை முடிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு பவானி அந்தப் படிக்கட்டில் ஏறினாள். தோளில் ஒரு பை. பைக்குள் ஸ்க்ரூ டிரைவர்கள், பெயின்ட் பிரஷ், அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சோறு. கீழே நிலக்கடலை மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள். மல்லாட்டைத் தோலின் தூசி அவளோடு சேர்ந்து மாடியேறியது.

உள்ளே கால் வைத்ததும் பகல் நின்றுபோனது. திரையில் வெளிச்சம் விழக்கூடாது என்று ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஆறு கம்ப்யூட்டர்கள் சுவரைப் பார்த்து வரிசையாக இருந்தன. மற்ற நாற்காலிகள் எல்லாம் கோணல்மாணலாகக் கிடக்க, நாலாம் நம்பர் முன்னால் மட்டும் நாற்காலி மேசையோடு நெருங்கி, நேராக இருந்தது.

"நீதான் ஒலக்கூர் பொண்ணா? சின்னப் பொண்ணாக்கீறயே!" என்றான் கோபி.

"பெரிய ஆளுங்க மூணு பேரு வந்துட்டுப் போனாங்களாமே அண்ணே. சரியாச்சா?"

கோபி சிரித்துவிட்டான். "வாய் இருக்குது. வேலை இருக்குதான்னு பாப்போம். இந்த நாலாம் நம்பர்தான் பேஜாரு. கேம் போட்டா விட்டு விட்டு ஓடுது. லேக் அடிக்குதுன்னு பசங்க திட்டுறானுங்க. ஞாயித்துக்கிழமை போட்டி வச்சிருக்கேன், ஆறும் ஓடணும். ஓட்டிக் காமிச்சின்னா திங்கக்கெழமையிலேருந்து கடைச் சாவி உன் கையில."

அந்தச் சாவிக்காகத்தான் அவள் வந்திருந்தாள். பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கூட்டிப் பெருக்கப் போய், இரண்டே வருடத்தில் வேலையைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டவள். மாமா சீனுவாசன் கறாராகச் சொல்லியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரந்தர வேலை கிடைத்தால் போகலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பிரம்மதேசத்துக்காரர்கள் பூ வைக்க வருவார்கள், தலையைக் குனிந்து உட்கார வேண்டும். மாப்பிள்ளையின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

நாற்காலியை இழுத்தாள். கனமாக வந்தது, ஆள் உட்கார்ந்திருப்பதுபோல.

கார் ரேஸ் ஒன்றைப் போட்டாள். கடலோரச் சாலை. கார் இரண்டடி ஓடியது, நின்றது, துள்ளியது. சூடுதான் காரணமாக இருக்கும் என்று கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். சந்தனமும் குங்குமமும் காய்ந்து காற்றுத் துளைகளை அடைத்திருந்தன. ஆயுத பூஜைக்கு எல்லாக் கடையிலும் நடக்கிற கூத்துதான். ஆனால் உள்ளே இருந்ததை அவள் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

பொரி. கைப்பிடி கைப்பிடியாகப் பொரி. ஃபேன் இறக்கைகளில் சிக்கி, நடுவே பொட்டுக்கடலையும் வெல்லமும் எறும்புகளுமாக.

"பூஜைப் பொரியைச் சாமிக்கு வைப்பாங்களா, சிபியூவுக்கு ஊட்டுவாங்களா அண்ணே?"

கோபி சிரிக்கவில்லை. "எங்கம்மா வேலை," என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

பவானி பொரியை எல்லாம் வழித்துக் குப்பைக்கூடையில் கொட்டினாள். துளைகளைத் துடைத்தாள், தூசியை ஊதினாள், சிப்பின்மேல் காய்ந்திருந்த பழைய பேஸ்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினாள். தொண்ணூறு டிகிரியில் கொதித்த சூடு ஐம்பத்தைந்துக்கு இறங்கியது.

கேம் முன்பைவிட மோசமாகத் துள்ளியது.

அதுவும் ஒரே இடத்தில். கடல் தெரிகிற இடது வளைவில், ஒவ்வொரு சுற்றிலும்.

மெமரியை மாற்றினாள். ஐந்தாம் நம்பரின் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி இதில் போட்டாள், இதிலிருந்ததை அதில் போட்டாள். ஐந்தாம் நம்பர் வழுக்கிக்கொண்டு ஓடியது. நாலாம் நம்பர் துள்ளியது. ஹார்ட் டிஸ்க், டிரைவர், கீபோர்டு, ஒயர். மாற்றுவதற்கு இனி ஒன்றுமில்லை. அலுத்துப்போய்க் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள்.

கார் நிற்கவில்லை.

துள்ளல் போய்விட்டது. தண்ணீரில் படகு போவதுபோல் போய், கடல் வளைவில் அழகாகத் திரும்பி, வேகமெடுத்தது.

பவானி தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மடியில்தான் இருந்தன.

மெதுவாக ஒரு விரலை அம்புக்குறி விசையில் வைத்தாள். கார் உடனே துள்ளியது. எடுத்தாள். வழுக்கியது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இது மெஷினின் திணறல் இல்லை. ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டுகிறார்கள்.

எங்கிருந்தோ பெட்ரோல் வாசனை வந்தது. கூடவே உப்புக் காற்றின் ஈரம்.

"யாருடி அவன் சோத்தை அள்ளிக் கொட்டினது?"

பவானி திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் கோபியின் அம்மா வீரம்மாள், கையில் வெள்ளிக்கிழமைக் கற்பூரத் தட்டோடு, குப்பைக்கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாம்மா. ஃபேன் சிக்கிக்கினு இருந்துச்சு."

"அது என் சின்னப் பையன் வெற்றிச்செல்வனுக்கு வச்சதுடி. இந்தக் கம்ப்யூட்டருதான் அவனுக்கு எல்லாம். வேற யாரையும் தொடவுட மாட்டான். மரக்காணம் ரோட்டு வளைவுல பைக்கோட போய்ட்டான். வருஷம் ஒண்ணாச்சு. இன்னும் இந்தச் சீட்ட வுட்டு எழுந்திருக்கல." குரல் இறங்கியது. "போன மாசம் வந்தவன் பத்து விரலும் வீங்கி ஓடினான். ஜல்தி எழுந்துடு பொண்ணே. அவன் எடம் அது."

"நான் எழுந்தா திங்கக்கெழமை வேற எடத்துல உக்கார வச்சிடுவாங்கம்மா. அந்த எடத்தவுட்டு அப்புறம் ஜென்மத்துக்கும் எழுந்திருக்க முடியாது."

"செத்தவன்கூட மல்லுக்கு நிப்பியா?"

"உயிரோட இருக்கிறவங்ககூடவே நின்னுக்கினுதாம்மா இருக்கேன்."

வீரம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கற்பூரத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். கோபியும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அவள் பின்னால் போனான்.

மணி இரண்டு. தினமும் போகிற கரண்ட், சொல்லிவைத்தாற்போலப் போயிற்று. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. மற்ற ஐந்து திரைகளும் அணைந்தன.

நாலாம் நம்பர் அணையவில்லை.

பவானி குனிந்து, சுவரிலிருந்து அதன் பிளக்கைப் பிடுங்கினாள். அப்போதும் அணையவில்லை. கறுப்புக் காகிதம் ஒட்டிய அந்த அறையில் அது ஒன்றுதான் வெளிச்சம். மேசைமேல் கழற்றிக் கிடந்த ஹெட்போனிலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. ஓடி வந்து நின்றவனின் மூச்சு.

திரையில் ஆட்டக்காரர் பெயர் கேட்கும் கட்டம் தானாகத் திறந்தது. இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்து ஒரு தமிழ் வார்த்தை ஆயின.

'என்னுது.'

கதவு பத்தடி தூரம். பத்தடிதான்.

அவள் அந்த வார்த்தையை அழித்துவிட்டு, 'பவானி' என்று அடித்தாள்.

அது அழிந்தது. 'என்னுது.'

'பவானி.'

'என்னுது.'

ஐஸ் கட்டியைப் போன்ற விரல்கள் அவள் விரல்கள்மேல் வந்து படிந்தன. விசையோடு சேர்த்து அழுத்தின. நகக்கண்கள் தெறித்தன. பெட்ரோல் வாசனை மூக்கை அடைத்தது. யாரோ அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்க்கிறார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கையை எடுடா," என்றாள். "எல்லாரும் இதே பேச்சு. எழுந்திரு, அது உன் எடமில்ல. பள்ளிக்கூடத்துல கேட்டேன், ஊட்டுல கேட்டேன். செத்தவன்கிட்டயும் கேக்கணுமா? ஓட்டணும்னா ஓட்டு. ஆனா என் கைமேல கை வைக்காத. உனக்குத் தனிக் கை இருந்தா தனியா ஓட்டிக் காமி."

பிடி தளர்ந்தது. ஒரு நொடிதான். அது போதும்.

ஐந்தாம் நம்பரின் கீபோர்டைப் பிடுங்கி நாலாம் நம்பரின் பின்னால் சொருகினாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். 'இருவர் ஆட்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் திரை நடுவில் பிளந்து இரண்டானது. இடது பாதி அவளுக்கு. வலது பாதி காலி நாற்காலிக்கு.

காத்திருந்தாள்.

பக்கத்து நாற்காலியின் ரெக்சின் மெத்தை, காற்று இறங்கும் சத்தத்தோடு மெல்ல அமுங்கியது.

இரண்டு கார்களும் கிளம்பின. துள்ளல் இல்லை. வலது கீபோர்டின் விசைகள் தானே அமுங்கி எழுந்தன, டக் டக் டக். அவன் கெட்டிக்காரன். இரண்டு சுற்று அவளை முன்னால் விடவேயில்லை. மூன்றாம் சுற்றில் கடல் வளைவு வந்தது. வலது பக்கத்து விசைகள் ஒரு கணம் தயங்கின. பவானி தயங்கவில்லை. வளைவை உள்பக்கமாக அறுத்துக்கொண்டு போனாள்.

அரை வண்டி நீளத்தில் ஜெயித்தாள்.

ஹெட்போனில் மூச்சு நின்றது. திரை அணைந்தது. இருட்டில் அவள் நாலு மணிவரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கரண்ட் வந்ததும் பிளக்கைச் சொருகி, ஒற்றை ஆட்டம் போட்டுப் பார்த்தாள். எண்ணெய் போட்டதுபோல் ஓடியது.

கீழே போய்ச் சொன்னாள்: "சரியாயிடுச்சு அண்ணே. ரெண்டாவது கீபோர்டக் கழட்டாதீங்க, அஞ்சாம் நம்பருக்குப் புதுசா ஒண்ணு வாங்கிடுங்க. பக்கத்துச் சீட்டுல யாரையும் உக்கார வைக்காதீங்க. அம்மா, பொரியை இனிமே தட்டுல வச்சு அந்தக் கீபோர்டு பக்கத்துல வைங்க. உள்ள போட்டா நான் மறுபடியும் கொட்டுவேன்."

வீரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஆறும் ஓடின. சாயங்காலம் எல்லாவற்றையும் நிறுத்தி, மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே இறக்கி, பூட்டிய சாவியை பவானி எடுத்துக்கொண்டு போனாள். ஒலக்கூரில் அந்தச் சாவியை மாமாவின் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். சீனுவாசன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, வர வேண்டாம் என்று சொல்ல, பிரம்மதேசத்துக்குப் போன் போட எழுந்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. படியேறி, பூட்டைத் திறந்தாள்.

மெயின் சுவிட்ச் இறக்கியபடியேதான் இருந்தது. நாலாம் நம்பர் எரிந்துகொண்டிருந்தது.

வீரம்மாள் கீபோர்டு பக்கத்தில் வைத்திருந்த தட்டில் ஒரு பொரிகூட இல்லை. திரையில் கடலோரச் சாலைப் பந்தயத்தின் பட்டியல். முதல் வரியில் அவள் பெயரும், வெள்ளிக்கிழமை அவள் எடுத்த நேரமும். அதன் கீழே ராத்திரி முழுக்க ஓடிய சுற்றுகள், இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக, நூற்றுக்கணக்கில். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: 'என்னுது.' ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு துளி வேகம். கடைசியாக ஓடியது அவளைவிட ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதான் பின்னால் இருந்தது.

அந்தக் கடைசிச் சுற்றுக்கு மட்டும் பெயர் மாறியிருந்தது.

'பவானி வா.'

அவள் சடையைத் தூக்கிக் கொண்டையாக முடிந்துகொண்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கையை விசைமேல் வைத்தாள்.

பக்கத்துக் காலி நாற்காலி, தரையில் சக்கரம் கிரீச்சிட, தானாக மேசையை நோக்கி நகர்ந்து வந்தது.