பெட்டிக்குள் இல்லாத சத்தம்

பெட்டி வந்து முழங்காலில் இடித்தது. அந்த வலியை வினோஜா பொறுத்திருப்பாள். அதைத் தூக்கி வந்தவன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ... பெட்டிக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

பெட்டிக்காம்!

யாழ்ப்பாணத்திலிருந்து வல்வெட்டித்துறை போகிற மினிபஸ். புத்தூரில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை இழுத்து மூடியதில் உள்ளே எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது. அந்த நெரிசலில் ஆள் நீளப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி ஏறி, அவள் பக்கத்திலேயே இருந்தும் விட்டான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் மட்டும்... சரி, கண் நல்ல கண்தான். அதற்காக?

"என்ரை காலுக்கு என்ன நடந்தது எண்டு கேக்க மாட்டியளோ?"

"சொறி... இது சும்மா ஓர்கன் இல்லை. அனலொக் சின்தசைசர். கனடாவிலை இருந்து அண்ணை அனுப்பினவர். உள்ளுக்கை உண்மையான கரண்ட் ஓடித்தான் சத்தம் வரும். இப்ப எல்லாரும் லப்டொப்பிலை ஒரு சொப்ட்வெயாரைப் போட்டுத் தட்டுகினம். பால்மாவைக் கரைச்சுப்போட்டுப் பசுப்பால் எண்டு சொன்னால் ஆச்சோ? அதிலை உயிர் இல்லை."

வினோஜாவின் மடியில் இருந்த பைக்குள் லப்டொப் இருந்தது. அவள் இசையமைப்பது முழுவதும் அதில்தான். வேறு வாத்தியம் எதுவும் அவளிடம் இல்லை.

"கேட்டால் வித்தியாசம் தெரியுமோ?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்." பெயர் ஜெயரூபனாம், ஊர் வல்வெட்டித்துறையாம். கேட்காமலே சொன்னான். "போன வருசம் வல்லைவெளியைப் பற்றி ஒரு குறும்படம் வந்தது. கடைசியிலை ஒரு இசை வரும்... அப்பிடியே மூச்சு விடும். சுத்தமான அனலொக்! ஆரோ வெளிநாட்டுக்காரன் செய்திருக்கிறான், பேர் போடேல்லை. அதைக் கேட்டுத்தான் இந்தப் பெட்டியையே எடுப்பிச்சனான். சனிக்கிழமை எங்கடை ஊர் விழாவிலை அதைத்தான் வாசிக்கப் போறன்."

வினோஜா அவன் பக்கம் திரும்பினாள். அது அவள் செய்த இசை! உடுப்பிட்டியில், தன் சின்ன அறைக்குள் இருந்து செய்தது. படத்தில் அவள் பெயரை விட்டுவிட்டார்கள். கேட்டதற்கு, "அடுத்த படத்திலை போடுவம் தங்கச்சி" என்று மழுப்பினார்கள். அந்த எரிச்சலே இன்னும் ஆறவில்லை. இப்போது இவன் வேறு வந்து அதை ஒரு வெள்ளைக்காரனுக்குத் தாரை வார்க்கிறான்!

"அந்த வெளிநாட்டுக்காரன் நான்தான். பேர் வினோஜா. ஊர் உடுப்பிட்டி."

அவன் சிரித்தான். சிரித்தே விட்டான்! "நல்ல பகிடி..."

அவள் லப்டொப்பைத் திறந்தாள். காதில் மாட்டும் வயரில் ஒரு பக்கத்தை அவனிடம் நீட்டினாள். அந்த இசை திரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. அடியில் ஓடும் கனத்த ஒலியை மட்டும் தனியே ஓட விட்டாள்.

"மூச்சு விடுது எண்டியளே... ஒவ்வொரு சுரத்தையும் சரியான சுருதியிலை இருந்து மயிரிழை விலத்தி வைச்சது நான். உங்கடை பெட்டி சூடேறித் தன்பாட்டிலை தவறி விலகும். நான் தெரிஞ்சு விலத்தினன். இப்ப சொல்லுங்கோ, எதிலை உயிர் இல்லை?"

ஒரே வயர் என்பதால் இரண்டு தலையும் கிட்ட இருந்தன. அவன் கண்கள் திரையை விட்டு மெல்ல அவள் முகத்துக்கு வந்தன... நின்றன. உடுப்பிட்டிச் சந்தி வந்துவிட்டது. அவள் இறங்கினாள். பஸ்ஸும் போய்விட்டது.

ஒரு மன்னிப்புக்கூட இல்லை! நனைந்துகொண்டு நடந்தாள். அந்தக் கண்கள் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தன. அதற்கும் சேர்த்து அவன்மேல் கோபம் வந்தது.

சனிக்கிழமை பின்னேரம், சிநேகிதி உதயகலாவையும் இழுத்துக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் போனாள். "தன்ரை இசை எண்டு சொல்லட்டும்... சபையிலையே கேக்கிறன்!"

கடற்கரையோரம் மேடை. ஜெயரூபன் வாசித்து முடிக்க, கைதட்டல் அடங்கவே நேரமானது. விழாத் தலைவர் கிறிஸ்துநாயகம் பொன்னாடையோடு வந்து மைக்கைப் பிடித்தார்.

"எங்கடை தம்பியின்ரை சொந்த இசை!"

வினோஜா எழுந்தேவிட்டாள். அவள் வாய் திறப்பதற்குள் அவன் மைக்கைப் பறித்தான்.

"இல்லை ஐயா! இது என்ரை இல்லை. உடுப்பிட்டி வினோஜாவின்ரை. லப்டொப்பிலை செய்தவ. லப்டொப்பிலை உயிர் இல்லை எண்டு நான் கதைச்சது பிழை. இந்தப் பெட்டியிலை எவ்வளவோ தெண்டிச்சும் அவ செய்த சத்தம் எனக்கு வரேல்லை."

அப்போதுதான் நின்றுகொண்டிருந்தவளைக் கண்டான். தலைவர் கையிலிருந்த பொன்னாடையை வாங்கினான், மேடையிலிருந்து குதித்தான், நேரே வந்து அவள் தோளில் போட்டுவிட்டான்.

சபையில் சலசலப்பு எழுந்தது. பெண்ணுக்குப் பொன்னாடை என்றால் ஒரு பெண் கையால்தான் போடுவார்கள். இளந்தாரிப் பெடியன் போடுவதாவது!

"உதென்னடி, கலியாணக் கூறையே குடுத்திட்டான்!" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. விசில் பறந்தது. தலைவர் சமாளித்துக்கொண்டு, "இசை, உடுப்பிட்டி வினோஜா!" என்று மைக்கில் முழங்கினார். தன் பெயரை அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கண் நிறைந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

படகுகளைக் கரையில் இழுத்து விட்டிருந்த பக்கம் அவனைக் கூப்பிட்டாள்.

"பஸ்ஸிலை ஒரு சொல்லுச் சொல்ல வாய் இல்லை. இங்கை கை மட்டும் நீளுதோ?"

"என்னத்தைச் சொல்ல... ஒரு வருசமா அந்தச் சத்தத்துக்குப் பின்னாலை அலைஞ்சனான். செய்த ஆளைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு பால்மாக் கதை கதைச்சிட்டன். நாக்கு எழும்பேல்லை." அவன் தலை குனிந்தான். "பொன்னாடை... அவசரத்திலை தவறிப் போட்டுட்டன். தாங்கோ, ஒரு அக்காவைக் கொண்டு திருப்பிப் போடுவிக்கிறன்."

அவள் பொன்னாடையை இறுக்கிப் பிடித்தாள்.

"தவறியோ? தெரிஞ்சு போடேல்லையோ?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதே கண்கள்...

"போடேக்கை தவறித்தான் போட்டனான். இப்ப தெரிஞ்சு சொல்லுறன்... எனக்கு உம்மைப் பிடிச்சிருக்கு, வினோஜா."

"அப்ப கழட்ட மாட்டன்." அவள் குரல் இன்னும் சண்டைக்கு நின்றது. "எனக்கும் உம்மைப் பிடிச்சிருக்கு. ஆனா, அந்தப் பால்மாக் கதைக்குக் கோவம் கோவம்தான்!"