உள்ளே யாருமில்லை

"நன்றி, போய் வாருங்கள்" என்றது சுவரிலிருந்த பெட்டி. கதவு திறக்கவேயில்லை.

அவள் சிரித்துக்கொண்டாள். தான் எழுதிய நிரல் தன்னிடமே வாலாட்டுகிறது. கணினி அறைக்கும் வெளி நடைபாதைக்கும் நடுவே, இரண்டு இரும்புக் கதவுகளுக்கிடையில், ஓர் ஆள் நிற்கும் இடம். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். சூடான ஒயரின் வாசனையும், தலைக்கு மேல் மின்விசிறியின் முனகலும், சுவருக்கு அப்பால் இயந்திரங்கள் ஓயாமல் இரைவதும் அவளுக்குப் பழகிப்போனவை. பின்தெருவில்தான் வீடு. மகள் பள்ளி விட்டு வந்து காத்திருப்பாள்.

பெட்டியில் அடையாள அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. 'அட்டைக்காரர் வெளியேறிவிட்டார். உள்ளே யாருமில்லை' என்றது பெட்டியின் திரை.

நடுவில் நிற்பவர் யாரென்று குறித்துவைக்க நிரலில் ஒரே ஓர் இடம்தான் விட்டிருந்தாள். அலுவலகமே 'பூட்டு' என்று கேலி செய்யும் சீனியர் அன்றே தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

"ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் நுழைஞ்சா, முதல் ஆளு அழிஞ்சு போயிடுவாரும்மா. பூட்டுப் போட்டு அடுத்தவர காக்க வை."

"அந்தப் பொந்துக்குள்ள ரெண்டு பேர் எதுக்கு சார் வரப்போறாங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

திரையிலிருந்த வருகைப் பதிவை மேலே நகர்த்தினாள். ஒரு நுழைவு, அவள் பெயரில். அது முடியுமுன் இன்னொரு நுழைவு. அதுவும் அவள் பெயரில். வெளியேற்றம் ஒன்றுதான்.

உள்ளே வந்தபோது தோளில் ஏதோ உரசியது. சுவர் என்றுதான் நினைத்திருந்தாள்.

காவலாளியை அழைக்கும் பொத்தானை அழுத்தினாள். நெடுநேரம் கழித்துத்தான் எடுத்தார்.

"மேடம் அப்பவே குடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களே. நீங்க யாரு?"

கையைப் பார்த்தாள். அறையிலிருந்து எடுத்துவந்த குடை இல்லை.

ஆளில்லாத இடத்துக்கு மின்சாரம் தண்டம் என்று அவளே எழுதிச் சேர்த்த வரி அப்போது வேலை செய்தது. விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. கதவைக் குத்தினாள். சத்தம்கூட வெளியே போகவில்லை. கைபேசி. வீட்டு எண்.

"பாப்பா, அம்மா பேசறேன். நான் உள்ள மாட்டிக்கிட்டேன்."

மகள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சொன்னாள். "அம்மா, யாரோ உன்ன மாதிரியே பேசறாங்க."

நனைந்த குடையை உதறும் சத்தம் கேட்டது.

"ராங் நம்பரா இருக்கும்டி. வெச்சிட்டு வா, சாப்பிடலாம்," என்றது அவளுடைய குரல்.

கைபேசியும் இருண்டது. மூச்சு முட்டியது. 'உள்ளே யாருமில்லை' என்ற எழுத்து மட்டும் எரிந்துகொண்டிருந்தது.