மூணு சொன்னால் மூடும் கண்கள்

சில்வண்டு ஓயாமல் பேசுவாள். அதனால்தான் அந்தப் பெயர். அவளுடைய நண்பன் ஒருவன் போட்டோ எடுத்தால் போதும், கண்ணை இறுக மூடிக்கொள்வான். அவனுக்கு வகுப்பே சேர்ந்து வைத்த பெயர், தூங்குமூஞ்சி. இதுவரை எடுத்த எல்லா வகுப்புப் படத்திலும் அவன் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான்!

இந்த வருடம் படம் எடுக்க வந்தவர் சில்வண்டின் அம்மா. அவர் தொழிலே அதுதான். கழுத்தில் புதுக் கேமரா. 'மிரர்லெஸ்' என்று சொல்லும், உள்ளே கண்ணாடி வைக்காத ரகம் என்பதால், கையடக்கமாக இருந்தது. படம் எப்படி வரும் என்பதை, எடுக்கும் முன்பே பின்பக்கத் திரையில் காட்டிவிடும்.

எல்லாரும் வரிசையில் நின்றாயிற்று. தூங்குமூஞ்சியை மட்டும் காணோம். சில்வண்டு தேடிப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"டேய், வாடா! உனக்காகத்தான் காத்துட்டிருக்கோம்."

"நான் வரல. அடுத்த வருஷம் நான் வேற ஸ்கூல். அங்க இந்தப் படத்தைக் காட்டினா, அவங்களும் தூங்குமூஞ்சின்னுதான் கூப்பிடுவாங்க."

சில்வண்டுக்குப் பாவமாகப் போய்விட்டது.

"சும்மா வாடா, ஒரு கை பார்த்துடலாம்!"

அவனை இழுத்து வந்து முன்வரிசை நடுவில் நிறுத்தினாள். பிறகு அம்மாவிடம் ஓடினாள். அம்மா திரையை அவள் பக்கம் சாய்த்தார். அதில் தூங்குமூஞ்சியின் கண் மேல் குட்டியாக ஒரு பச்சைக் கட்டம்!

"இது என்னம்மா?"

"கேமராவே கண்ணைத் தேடிப் பிடிச்சுக்கும். அப்பதான் முகம் தெளிவா விழும். ரெடியா பசங்களா? ஒண்ணு... ரெண்டு..."

கட்டம் கண்ணிலேயே இருந்தது.

"மூணு!"

பொசுக்கென்று கண் மூடியது. பிடிக்கக் கண் கிடைக்காத கட்டம், பெரிதாகி முகத்தைச் சுற்றிக்கொண்டது. கிளிக்!

"மறுபடியும் தூங்கிட்டான்!" என்று பக்கத்தில் நின்றவன் கத்தினான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. தூங்குமூஞ்சி நழுவப் பார்த்தான்.

"இருடா, இருடா!" என்றாள் சில்வண்டு. அவள் மூளை வேலை செய்தது. ரெண்டு வரைக்கும் நன்றாகத்தானே முழித்துக்கொண்டிருந்தான்? அந்த மூணும் கிளிக்கும்தான் அவனைப் படுத்துகின்றன!

அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். "தூங்குற பாப்பாவை எல்லாம் சத்தமே வராம எடுப்பியே, அப்படி எடும்மா. எண்ணாத!"

"அட, ஆமால்ல!" அம்மா ஒரு பொத்தானை அழுத்தினார்.

சில்வண்டு ஓடிவந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவன் கேமராவையே பார்த்தான். எந்தச் சத்தமும் இல்லை. இன்னும் உற்றுப் பார்த்தான்.

"ஆன்ட்டி, எப்ப எண்ணப் போறீங்க?"

"எதுக்கு எண்ணணும்? எடுத்தே முடிச்சாச்சு!"

எல்லாரும் கேமராவை மொய்த்துக்கொண்டார்கள். படத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். டீச்சர் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். நடுவில், பளிச்சென்று திறந்த இரண்டு கண்கள்!

"என் கண்ணு இவ்வளவு பெருசா?" அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஐயய்யோ, என் மூக்கு! இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர்! ப்ளீஸ், இதையே வச்சுக்கலாம்!"

டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தார். படத்தையும் பார்த்தார்.

"சரிடா, என் மூக்குதானே? போனாப் போகுது!"