கார்டு பெட்டியைக் கழற்ற மாட்டேன்

கோவில்பட்டிக்கு வந்து வெயிலுகந்தம்மாள் என்று முழுப் பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. வெயிலு என்று கேட்டுப் பாருங்கள். "அஞ்சாங் கிளாஸ், ரெட்டைச் சடை, வாய்க்கு வாய் பதில் சொல்லுமே, அந்தப் பிள்ளையா?" என்று தெருவே வழி காட்டும்.

அந்த வெயிலுவுக்கு ரயில் என்றால் உயிர். அதே பைத்தியம் பிடித்த இன்னும் இரண்டு பேர் அந்தத் தெருவில் இருந்தார்கள். ஒருவன் ஏழாம் வகுப்பு சுடலைராஜ். இன்னொருவன் ஆறாம் வகுப்பு ஜெயபாண்டி. மூன்று பேரும் சேர்ந்து ஒரு ரயில் சங்கமே வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

பள்ளிக்கூடம் விட்டதும் சங்கம் ஜெயபாண்டி வீட்டு மாடியில் கூடும். அங்கே இரண்டு பழைய கதவுகளை நீளவாக்கில் சேர்த்துப் போட்டு, தெருவில் இருந்த கிழிந்த குடைகளின் கம்பியை எல்லாம் உருவி, தண்டவாளம் அடித்திருந்தார்கள். ஒரு முனை சாத்தூர். மறு முனை கடம்பூர். நடுவில் கோவில்பட்டி ஸ்டேஷன். ஸ்டேஷனில் மட்டும் இரண்டு லைன். மற்ற இடமெல்லாம் ஒற்றை லைன்தான்.

ஜெயபாண்டியின் அப்பா தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். அங்கே தீப்பெட்டி செய்யும்போது கழித்துப் போட்ட காலிக் கூடுகள் மூன்றை வரிசையாக ஒட்டினால் ஒரு ரயில் பெட்டி. ஊசி மருந்து பாட்டிலின் ரப்பர் மூடிதான் சக்கரம். ஒரு பக்கம் அகலமும் ஒரு பக்கம் ஒடுக்கமுமாக இருப்பதால், அது குடைக்கம்பியை விட்டு நகராமல் ஓடும்.

சங்கம் கூடினால் வேலை பாதி, பேச்சுப் பாதி.

"ஏலே, நேத்து வந்த கூட்ஸுக்கு எத்தனை பெட்டி, எண்ணுனியா?" என்பான் சுடலைராஜ்.

"நாப்பத்தொண்ணு," என்பான் ஜெயபாண்டி. வாயில் கடலைமிட்டாய் இருக்கும்.

"போலே. நாப்பத்திரண்டு. நீ இன்ஜினை விட்டுட்ட."

"இன்ஜின் எப்படிலே பெட்டியாகும்? உன் தலையை உன் வயித்தோட சேத்தா எண்ணுதாவ?" என்று வெயிலு கேட்பாள்.

இந்த வழக்கு ஒரு வாரம் ஓடும். அடுத்த வாரம், சாத்தூர் ஸ்டேஷனில் டீ நல்லா இருக்குமா, கடம்பூர் ஸ்டேஷனில் நல்லா இருக்குமா என்று புது வழக்கு வரும். மூன்று பேரில் ஒருவர்கூட இரண்டு ஸ்டேஷனிலும் டீ குடித்ததில்லை.

சங்கத்தில் இரண்டு வண்டிகள். சுடலைராஜின் எக்ஸ்பிரஸ், டேப்ரிக்கார்டர் மோட்டாரில் ஓடுவது. பறக்கும். ஆனால் மூன்று பெட்டிக்கு மேல் மாட்டினால் முனகிக்கொண்டு நின்றுவிடும். இன்னொன்று பாசஞ்சர். ஜெயபாண்டியின் உடைந்த பொம்மை ஜீப்பில் இருந்து எடுத்த மோட்டார். ஊர்ந்துதான் போகும். ஆனால் ஐந்து பெட்டியை அலுக்காமல் இழுக்கும்.

அந்த ஐந்தாவது பெட்டிதான், கொடி காட்டி வண்டியைக் கிளப்புகிற கார்டு வரும் கார்டு பெட்டி. வெயிலு செய்தது. பதினைந்து நாள் உட்கார்ந்து செய்தாள். ஏறுவதற்குக் குட்டிப் படி, ஜன்னலுக்குக் கம்பி, பின்னால் சிவப்பு விளக்குக்கு ஒரு குன்றிமணி. வாசலில் பச்சைக்கொடியோடு தீக்குச்சியில் செய்த கார்டு நின்றாள். ஆமாம், நின்றாள். கறுப்பு நூலில் இரண்டு சடை போட்டிருந்தது.

"என்னட்டி இது, கார்டுக்குச் சடை?" என்று சுடலைராஜ் சிரித்தான். "பொம்பள கார்டை நீ எங்கன பாத்த?"

"பாக்கல. அதான் செஞ்சேன்," என்றாள் வெயிலு.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. அதில் ரயிலை ஓட்டிக் காட்டச் சொல்லி சங்கரம்மாள் டீச்சர் ஒரு மேசையே ஒதுக்கியிருந்தார். வியாழக்கிழமைதான் மூன்று பேரும் முதன்முதலாக இரண்டு வண்டிகளையும் எதிரெதிராக விட்டுப் பார்த்தார்கள்.

பாசஞ்சர் கடம்பூரில் இருந்து ஆடி அசைந்து வந்தது. கோவில்பட்டியில் பக்கத்து லைனில் ஒதுங்கி நின்றது. எக்ஸ்பிரஸ் வரும்போது பாசஞ்சர்தானே ஒதுங்க வேண்டும்? கடம்பூர் சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வெயிலு அப்படி அரை மணி நேரம் காத்துக் கிடந்திருக்கிறாள். "எக்ஸ்பிரஸ் யாருக்காகவும் காத்திருக்காது" என்று சங்கத்தில் விதியே உண்டு. எழுதியவன் சுடலைராஜ்.

"எக்ஸ்பிரஸ் வருது! வழி விடு!" என்று கத்தினான் சுடலைராஜ்.

சாத்தூரில் இருந்து பறந்து வந்தது எக்ஸ்பிரஸ். ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. தாண்டப் போகும் இடத்தில், டமால்! பாசஞ்சரின் கடைசிப் பெட்டியில் இடித்தது. கார்டு பெட்டி குட்டிக்கரணம் போட்டது. கார்டு பறந்து போய் ஜெயபாண்டியின் மடியில் விழுந்தாள்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பாசஞ்சரின் வால் பக்கத்து லைனுக்குள் அடங்கவில்லை. பாதி கார்டு பெட்டி, இரண்டு லைனும் சேரும் இடத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

"அளந்துதானலே அடிச்சோம்?" என்றான் ஜெயபாண்டி.

அளந்துதான் அடித்தார்கள். இன்ஜினையும் ஐந்து பெட்டியையும் நெருக்கமாக ஒட்டி வைத்து அளந்தார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கொக்கி வரும் என்பதை மூன்று மண்டைகளும் மறந்துவிட்டன! கொக்கிக்கு ஒரு விரல் இடைவெளி. ஐந்து கொக்கிக்கு ஐந்து விரல்.

"லைனை நீட்டுவோமா?"

"குடைக்கம்பிக்கு எங்கன போறது? தெருவுல இனி நல்ல குடைதான் பாக்கி."

"கொக்கியைச் சின்னதாக்குவோமா?"

"வளைவுல பெட்டி ஒண்ணோட ஒண்ணு முட்டிக் கவுந்துரும்."

சுடலைராஜ் நிமிர்ந்தான். "கடைசிப் பெட்டியைக் கழட்டிருவோம். அவ்வளவுதான்."

"கழட்ட முடியாது," என்றாள் வெயிலு.

"ஒரு பெட்டிதானட்டி!"

"அது கார்டு பெட்டி. கார்டு இல்லாம எந்த வண்டிலே கிளம்பும்?"

"நாலாவது பெட்டியில கார்டுன்னு எழுதி ஒட்டிக்கிடலாம்."

"அப்ப உன் எக்ஸ்பிரஸ்ல ஒரு பெட்டியைக் கழட்டிட்டு, கடலைமிட்டாய் டப்பாவுல எக்ஸ்பிரஸ்னு எழுதி ஒட்டேன்!"

ஜெயபாண்டி சிரித்துவிட்டு, சுடலைராஜ் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"சங்கத்துல மூணு பேரு. ரெண்டு பேரு கழட்டணும்னு சொல்லுதோம். முடிஞ்சிச்சு," என்றான் சுடலைராஜ்.

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்று முனகினான் ஜெயபாண்டி. யார் காதிலும் விழவில்லை.

வெயிலு கார்டு பெட்டியையும் கார்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். "என் பெட்டி இல்லாம அந்த வண்டி ஓடாது. எழுதி வச்சுக்கோ!" என்று சொல்லிவிட்டு மாடிப்படி அதிர இறங்கினாள்.

வீட்டுக்குப் போனதும் அழுகை வந்தது. கோபம் அதைவிட முந்திக்கொண்டு வந்தது. பதினைந்து நாள் உழைப்பு! மற்ற நாலு பெட்டியும் கண்காட்சிக்குப் போகுமாம், அவள் பெட்டி மட்டும் வீட்டில் கிடக்குமாம். என்ன நியாயம் இது?

மறுநாள் சாயங்காலம், ஊருக்கு வந்திருந்த கடம்பூர்ச் சித்தியை வழியனுப்ப வெயிலு பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். முதல் பிளாட்பாரத்து லைனில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றது. நீளமென்றால் நீளம், தெற்கே அதன் வால் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

"எக்ஸ்பிரஸ் ரெண்டாவது பிளாட்பாரத்துக்கு வருதாம்!" என்று யாரோ கத்த, கூட்டமே மேம்பாலத்தில் ஏறி இறங்கியது. சித்தி மூச்சு வாங்க எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தார்.

எக்ஸ்பிரஸ் கிளம்பவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. அப்புறம் கூவியது யார் தெரியுமா? கூட்ஸ்! மெதுவாக, அவசரமே இல்லாமல், கூட்ஸ் வண்டி சாத்தூர்ப் பக்கம் நகர ஆரம்பித்தது. எக்ஸ்பிரஸ் அப்படியே நின்றது.

ஜன்னலோரம் இருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "என்ன அநியாயம் இது! எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுத்துட்டு, கூட்ஸ் போறதுக்கு நாம காத்துக் கிடக்கணுமாக்கும்?"

வெயிலுவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அண்ணாச்சி, மேம்பாலத்து மேல இருந்து பாத்தேன். அது வால் தெற்குப் பக்கம் உங்க லைனை மறிச்சுக்கிட்டு நிக்குது. அது நீளம், அடங்காது. நீங்க அடங்கிட்டீங்க. அப்ப நீங்கதான் நிக்கணும்."

சொல்லி முடித்தாள். சொன்ன வாயை அப்படியே திறந்தபடி நின்றாள்.

நான் என்ன சொன்னேன் இப்போது?

நீளமான வண்டி முதலில் போகட்டும். அடங்குகிற வண்டி நிற்கட்டும். அவ்வளவுதானே! இவ்வளவு பெரிய எக்ஸ்பிரஸே நிற்கும்போது, சுடலைராஜின் மூன்று பெட்டி வண்டிக்கு என்ன வந்தது?

சித்தி கையசைத்ததைக்கூடச் சரியாகப் பார்க்காமல், வெயிலு ஜெயபாண்டி வீட்டுக்கு ஓடினாள்.

"எக்ஸ்பிரஸ் ஸ்டேஷன்ல நிக்கட்டும். பாசஞ்சர் முதல்ல கிளம்பட்டும். வால் விலகுனதும் எக்ஸ்பிரஸ் போகட்டும். ஒரு பெட்டியும் கழட்ட வேண்டாம்!" என்றாள் மூச்சிரைக்க.

சுடலைராஜ் மாட்டேன் என்று தலையாட்டினான். "என் எக்ஸ்பிரஸ் பாசஞ்சருக்காக நிக்கவா? நாளைக்கு ஹெட்மாஸ்டர் வருவாரு. மானம் போயிரும்."

"நெச எக்ஸ்பிரஸே நின்னுச்சுலே! என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நிக்காதுன்னா நிக்காது. விதி இருக்கு."

"விதி நீ எழுதுனதுதான?"

"ஆமா. நான்தான் எழுதுனேன். அதான் மாத்த மாட்டேன்."

சனிக்கிழமை வந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு, அதன்மேல் இரண்டு கதவுகளும் ஏறின. சுற்றிலும் பிள்ளைகள் கூட்டம். வெயிலு பையில் கார்டு பெட்டியோடு ஓரமாக நின்றாள். போகக் கூடாது என்றுதான் காலையில் நினைத்தாள். 'நான் ஏன் போகாமல் இருக்கணும்? அதுவும் என் ரயில்தானே!' என்று கிளம்பி வந்துவிட்டாள்.

நாலே பெட்டியோடு பாசஞ்சர் வந்து ஒதுங்கியது. எக்ஸ்பிரஸ் பறந்து போயிற்று. பிள்ளைகள் கை தட்டினார்கள். சுடலைராஜ் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

கூட்டத்தில் ஒரு ஒன்றாம் வகுப்புப் பொடியன் இருந்தான். மேசை விளிம்புக்கு மூக்குதான் எட்டியது. "அண்ணே, கார்டு எங்க?" என்று கேட்டான்.

"உள்ள இருக்காரு."

"உள்ள இருந்தா கொடி எப்படிக் காட்டுவாரு?"

சுடலைராஜ் முழித்தான். "அது வந்து... காட்டிட்டு உள்ள போயிட்டாரு."

"கடைசிப் பெட்டியே இல்லியே! வண்டி பாதியில அந்து போச்சா?" என்றான் பொடியன். அவ்வளவுதான். "கார்டு எங்கடா?" "கார்டு இல்லாத வண்டி டோய்!" என்று கூட்டமே பிடித்துக்கொண்டது. கோவில்பட்டிப் பிள்ளைகளை ரயில் விஷயத்தில் ஏமாற்ற முடியுமா? சங்கரம்மாள் டீச்சரும், "அதானே, கார்டு எங்கப்பா?" என்று கேட்டுவிட்டார்.

சுடலைராஜின் முகம் சுண்டிப்போனது. கண்கூடக் கலங்கிவிட்டது.

வெயிலு அதைப் பார்த்தாள். நல்லா வேணும் என்றுதான் முதலில் இருந்தது. 'இவன்தான் கழற்றச் சொன்னான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனாலும் அவன் எத்தனை நாள் அவளோடு உட்கார்ந்து கூட்ஸ் பெட்டி எண்ணியிருக்கிறான்!

அவள் முன்னால் வந்தாள். "கார்டு டீ குடிக்கப் போயிருந்தா. இந்தா வந்துட்டால்லா!" என்று பையில் இருந்து பெட்டியை எடுத்தாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஏய், சடை போட்ட கார்டு!" என்று பொடியன் குதித்தான்.

வெயிலு பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்தாள். கொக்கியை மாட்டவில்லை. சுடலைராஜின் காதோரம் குனிந்தாள். "மாட்டுதேன். ஆனா எக்ஸ்பிரஸ் நிக்கணும்."

"ஒரு தடவைதான்," என்று கிசுகிசுத்தான் அவன்.

"எல்லாத் தடவையும்."

"வெயிலு..."

"எல்லாத் தடவையும்!"

ஜெயபாண்டி தொண்டையைச் செருமினான். "நானும் அப்படித்தான் சொல்லுதேன்," என்றான். இந்த முறை எல்லோர் காதிலும் விழுந்தது.

சுடலைராஜ் தலையை ஆட்டினான். வெயிலு கொக்கியை மாட்டினாள்.

இரண்டு வண்டிகளும் மறுபடி கிளம்பின. ஐந்து பெட்டியோடு பாசஞ்சர் வந்து நின்றது. வால் நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே எக்ஸ்பிரஸ் சீறிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. "இடிக்கப் போவுது! இடிக்கப் போவுது!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஹெட்மாஸ்டர்கூட எட்டிப் பார்த்தார். சுடலைராஜ் பட்டென்று சுவிட்சை அணைத்தான். பாசஞ்சரின் வாலுக்கு ஒரு சாண் முன்னால் எக்ஸ்பிரஸ் நின்றது.

வெயிலு பாசஞ்சரின் சுவிட்சைப் போட்டாள். பாசஞ்சர் நகர்ந்தது. ஒவ்வொரு பெட்டியாக, எக்ஸ்பிரஸின் பக்கத்தில் ஊர்ந்தது. கூட்டம் எண்ணியது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. கடைசியாக, பச்சைக்கொடியும் ரெட்டைச் சடையுமாக கார்டு பெட்டி வந்தது.

"அஞ்சு!" என்று வராந்தாவே அலறியது.

சுடலைராஜுக்குக் கை பரபரத்தது. "ஏட்டி, கொஞ்சம் வேகமா விடேன். எவ்வளவு நேரந்தான் நான் நிக்கது?"

"பாசஞ்சர் இப்படித்தான் போவும்," என்றாள் வெயிலு. "நில்லு."

அவன் நின்றான்.