சுடுதண்ணீர்த் தாங்கியின் மூக்கு

புதுத் தாங்கி வந்ததிலிருந்து பிள்ளை மடுவத்துக்குத் தனி மவுசு. அம்மாமார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. இலங்கை மலையகத்து உடப்புசல்லாவைக் குளிரில் குழந்தைகளைக் குளிப்பாட்ட, அழகம்மா ஆயா இனி அடுப்பை ஊதிக் கண் கலங்க வேண்டாம். சுவிட்சைப் போட்டால் ஆளுயரத் தாங்கி நிறையச் சுடுதண்ணீர்!

பத்து வயது பிரேமினி, பள்ளிக்கூடம் விட்டதும் தம்பி தர்ஷனைக் கூட்டிப்போக அங்கே வருவாள். தாங்கியைப் பொருத்திய அன்று பைப் வேலைக்கார சிவசாமியைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தவள் அவள்தான்.

இன்று அவள் நுழைந்தபோது, அழகம்மா முக்காலியில் ஏறி நின்று, தாங்கியின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாய்க்குள் ஒரு மரக்குச்சியை அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஆயம்மா, என்னா செய்றீங்க?”

“காலையிலருந்து சொட்டுது புள்ள. புள்ளைங்க துணியெல்லாம் நனைஞ்சு போச்சு. இப்ப பாரு, ஒரு சொட்டு வருதா?”

பிரேமினிக்குத் திக்கென்றது. “அது தாங்கியோட மூக்கு ஆயம்மா! சூடு கூடினா அழுத்தம் அது வழியாத்தான் வெளிய போகுமாம். அடைச்சா தாங்கியே வெடிச்சிரும்னு சிவசாமி மாமா சொன்னாரு.”

“சளி புடிச்ச மூக்கு போல. அதான் ஒழுகுது!” ஆயா சிரித்தார்.

பிரேமினி குச்சியைப் பிடுங்கக் கை நீட்டினாள். குழாய் கொதித்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பதினொரு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தர்ஷனும்தான்.

“என்னைய எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க ஆயம்மா. சுவிட்ச மட்டும் அணைச்சிருங்க. புள்ளைங்கள வெளி வராந்தாவுக்குத் தூக்கிட்டுப் போங்க. நான் மாமாவக் கூட்டிட்டு வாறேன்.”

அவள் கெஞ்சியதைக் கேட்டதும் அழகம்மாவின் சிரிப்பு நின்றது. முக்காலியிலிருந்து இறங்கிச் சுவிட்சை அணைத்துவிட்டு, குழந்தைகளைத் தூக்க விரைந்தார்.

பிரேமினி செருப்பைக்கூட மாட்டாமல் மழைத் தூறலில் ஓடினாள். தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் குழாய் அறுத்துக்கொண்டிருந்த சிவசாமி, விஷயத்தைக் கேட்டதும் ரம்ப வாளைப் போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் ஓடினார்.

தாங்கி நன்றாக ஆறும்வரை அவர் யாரையும் கிட்டவே விடவில்லை. பிறகுதான் குச்சியைப் பிடுங்கினார். ‘புஸ்ஸ்ஸ்’ என்று நீண்ட மூச்சு வந்தது.

“நான் தெரியாமச் செஞ்சிட்டேன் தம்பி,” என்றார் ஆயா, மெல்லிய குரலில்.

“பிழை என்னோடதுங்க அக்கா. இந்தக் குழாய வெளிய கொண்டுபோய், நிலத்துக்குக் கிட்ட, வாய் திறந்தபடி விடணும். அதுதான் சட்டம். குழாய் பத்தல, நாளைக்குப் பாப்போம்னு விட்டுட்டேன். அதுக்குள்ள கரண்டைக் குடுத்தது பெரிய தப்பு.”

பொழுது சாய்வதற்குள் புதுக் குழாய் சுவரைத் தாண்டி, குழந்தைகள் நடமாடாத பின்பக்கக் கழிவுநீர்க் காணில் போய் இறங்கியது. மின்சாரத்துக்கான ‘எர்த்’ மண் கம்பியையும் ஒருமுறை சோதித்த பிறகே சிவசாமி சுவிட்சைப் போட்டார். வெளியே சொட்டு விழுந்தது. உள்ளே துணி நனையவில்லை.

தர்ஷனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பிரேமினி கிளம்பினாள்.

“எங்க போற? இப்புடி ஒக்காரு,” என்று அழகம்மா அவளை முக்காலியில் உட்கார வைத்தார். சேறு அப்பி, குளிரில் விறைத்திருந்த அவள் கால்களைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினார்.

“சூடு போதுமா சாமி?”

“இன்னும் கொஞ்சம் ஆயம்மா,” என்றாள் பிரேமினி, கண்ணை மூடிக்கொண்டு.